தண்ணீர்த்தாங்கிக்கு வெள்ளை

சல்லியில் காணி. நாற்பது பேர்ச்.
கிழக்கே கடல். நடுவில்
எருமை படுத்ததுபோல் ஒரு பாறை.
மேற்கு மூலையில் வீரை இரண்டு, ஒற்றைப் பனை.
முதல்நாள் நான் எதையும் அளக்கவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
அடம்பன் கொடி எங்கே முடிகிறதென்று பார்த்தேன்.
அதுவரை கடலின் வளவு.
பிறகுதான் பிரபாலினியுடையது.

அவள் கேட்டது,
ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வந்தால்
பகலில் படுக்க இருட்டாய் ஓர் அறை.
ஜெயசீலன் கேட்டது,
"நான் துறைமுகத்தில கப்பல் இழுக்கிறவன்.
வீட்டிலயும் கடல் தெரியிறதெண்டால் தெரியட்டும்,
சோறு தின்னேக்க மட்டும் வேண்டாம்."
பிள்ளைகள் மூன்றும் கேட்டது பாறையை.
"உடைக்கக் கூடாது. அது எங்கட."

உடைக்கவில்லை.
குளியலறைச் சுவர் அதில் போய்ச் சாய்ந்துகொண்டது.
ஒருபக்கம் சீமெந்து, மறுபக்கம்
மழைக்கு வியர்க்கும் கல்.
கச்சான் மேற்கால் நுழைந்து கிழக்கால் போக
வீட்டின் நடுவை வெட்டித் திறந்தேன்.
வாடைக்கு மட்டும் கனமான கதவு.
கூரை தாழ்ந்தது,
தாழைப் புதருக்கு மேல் ஒரு சாண்கூட எழும்பாமல்.

"காசைப் போட்டுக் கட்டுறது ஊர் பாக்கத்தானே?"
மேசன் கனகசூரியம் சிரித்தார்.
பூச்சுக்கு இந்தக் கரையின் மணல் என்றேன்.
சிரிப்பு நின்றது.
"கடல்மண் கம்பியைத் தின்னும், தங்கச்சி."
மணல் வேண்டாம், நிறம் போதும்.
ஜாம் போத்தலில் அள்ளிக்கொண்டு
திருமலையில் பெயின்ற் கடை கடையாய் ஏறினேன்.
ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னொன்று,
மாசிமாதக் காலை ஒன்பது மணிக்கு
இரண்டும் இல்லாத ஒன்று.
அதைத்தான் பிடித்தோம்.
ஏழாவது கடையில்.

வேலை முடிந்த கிழமை
சித்திரவேலின் போட்டில் ஏறிப்போய்த் திரும்பிப் பார்த்தேன்.
வீடு இல்லை.
பாறை, பனை, வீரை, இராவணன் மீசை உருளும் மணல்.
ஜன்னலில் வெயில் பட்டு
மீன் புரண்டதுபோல் ஒரு கணம்.
அவ்வளவுதான்.
முகத்தில் வந்த பெருமையைத் துடைக்க
எனக்கு உப்புத்தண்ணி போதவில்லை.

அவர் எஞ்சினை நிற்பாட்டினார்.
"முந்தி உந்தக் காணியில
இடிஞ்ச வாடி ஒண்டு நிண்டது, வெள்ளைச் சுவரோட.
சுவரும் பனையும் ஒண்டுக்கு முன்னால ஒண்டு வந்து நிண்டால்
கீழ பார் கிடக்கெண்டு அறிவம்.
நீங்கள் சுவரை எடுத்துப்போட்டியள்.
போன மாசம் எனக்கு ரெண்டு வலை."

கோபமாய்ச் சொல்லவில்லை.
மடியில் வலை கிடந்தது. கண்ணி கண்ணியாய்
முடிந்துகொண்டே சொன்னார்.

வெயிலைக் கேட்டேன், காற்றைக் கேட்டேன்,
கொடியைக்கூடக் கேட்டேன்.
அங்கிருந்து இங்கே பார்க்கிறவர்களை
என் எந்தத் தாளிலும் கீறவில்லை.

பாறைக்குப் பின்னால் நான் ஒளித்த தண்ணீர்த்தாங்கியை
ஆறு பேர் சேர்ந்து பாறைமேல் ஏற்றினார்கள்.
சித்திரவேல் பாருக்கு மேலே போட்டில்,
பிரபாலினி கையில் போன்.
"வடக்கால… இன்னும் கொஞ்சம்…
ஆ, கூடிப்போச்சு… ஒரு முழம் தெற்கால…
வையுங்கோ!"
பிள்ளைகள் சுண்ணாம்பு வாளியோடு ஏறினார்கள்.
தாங்கிக்குப் பட்டது பாதி,
பாறைக்குப் பட்டது மீதி.

பங்குனியில் கொழும்பிலிருந்து
ஒருவர் படம் பிடிக்க வந்தார்.
நிலத்தோடு கரைந்த வீடு என்று வியந்தார்.
இடம் மாறி நின்றார், குந்தினார், மணலில் படுத்தார்.
"மிஸ், அந்த வெள்ளைத் தாங்கி
தெரியாத கோணம் ஒன்று சொல்லுங்களேன்."

இல்லை என்றேன்.
தேநீர் ஆறுகிறது, வாருங்கள்.